பட்டியலில் சேராத பொம்மைகள்

அன்புள்ள தோழிக்கு,

"பாண்டம் வனைய மண்ணில் கை வைத்தாலே அடுத்த ஆர்டர்தான் நினைவுக்கு வருகிறது" என்று எழுதியிருந்தீர்கள். சில நாட்கள் ஓய்வெடுங்கள் என்று பதில் எழுதத் தொடங்கினேன். அது வெறும் ஆறுதலாகவே பட்டதால் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உங்களிடம் குறைந்து போயிருப்பது விளையாட்டு என்றே நினைக்கிறேன்.

ஓவியர் பால் கிளே 1916 முதல் 1925 வரை தம் மகன் பெலிக்ஸுக்காக ஏறத்தாழ 50 கைப்பொம்மைகளைச் செய்தார். பிளாஸ்டர், எலும்பு, தீப்பெட்டி, பழந்துணி என்று கைக்கு அகப்பட்டதெல்லாம் அவற்றுக்குத் தலையாகவும் உடையாகவும் ஆயிற்று. தம் படைப்புகளை எண்ணிட்டுப் பட்டியலில் பதிந்து வைப்பதில் அத்தனை கறாராக இருந்த அவர், இந்தப் பொம்மைகளை மட்டும் அதில் சேர்க்கவே இல்லை. அவருடைய காரணம் எதுவாகவும் இருக்கட்டும். கணக்கில் வராத பொருளைச் செய்யும்போது கைக்கு வரும் துணிச்சல், கணக்கில் வரும் பொருளுக்கு வருவதில்லை என்பதை நானும் கண்டிருக்கிறேன். சிற்பி அலெக்சாண்டர் கால்டரும் 1926-இல் பாரிஸில் கம்பி, தக்கை, துணி ஆகியவற்றால் ஒரு சர்க்கஸையே செய்யத் தொடங்கி, அதைப் பெட்டிகளில் அடைத்துக்கொண்டு போய் நண்பர்கள் முன்னால் தாமே ஆட்டிக் காட்டினார். பின்னாளில் காற்றில் அசையும் தொங்கு சிற்பங்களைச் செய்த கை, சமநிலையை அந்தக் குட்டிக் கழைக்கூத்தாடிகளிடம் பழகியிருக்க வேண்டும்.

நம் மண்ணுக்கு வருவோம். சுடும் வரை எதையும் திரும்பப் பெறலாம் என்பது இந்தத் தொழிலின் பெரிய சலுகை. காய்ந்து இறுகியதைக்கூட நீரில் ஊறவைத்துப் பிசைந்துவிடலாம். ஆனாலும் நாம் ஒவ்வொரு உருண்டையையும் சூளைக்குப் போகப் பிறந்தது போலவே நடத்துகிறோம்! ஒரு மாலை, சற்றே உலர்ந்திருந்த மண்ணைத் திரியாக உருட்டி, எங்கே வெடிக்கிறது பார்ப்போம் என்று வளைத்துக்கொண்டே இருந்தேன். வளைவின் வெளிப்புறத்தில் முதலில் தோல் சுருங்கினாற்போல் நுண்ணிய கோடுகள் விழுந்தன. அடுத்து ஒரு கோடு மட்டும் வாய் திறந்தது. கொஞ்சம் நீர் தடவி அடுத்த திரி, பிறகு அடுத்தது என்று இருபதுக்கு மேல் ஒடித்திருப்பேன். அத்தனையும் வாளிக்குள் போயிற்று. ஆனால் இன்று கோப்பைக்குக் கைப்பிடி வளைக்கும்போது, அது வெடிக்குமா என்பதைக் கண்ணுக்கு முன்பே விரல் சொல்லிவிடுகிறது.

விளையாட்டு என்றால் மனம்போன போக்கு என்று எண்ணிவிடாதீர்கள். கோட்டை மிதித்துவிட்டாய் என்று குழந்தைகள் போடும் சண்டையைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு கண்டிப்பானது என்று தெரியும். ஆகவே நீங்களும் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள்: ஒரு பிடி மண், பத்து நிமிடம், கண்ணை மூடியபடி கிள்ளிக் கிள்ளி ஒரு கிண்ணம். வேலை தொடங்குவதற்கு முன்பே செய்யுங்கள். நாள் முடிவில் மிஞ்சும் நேரத்தில் களைப்புதான் இருக்கும்.

என்ன வந்தது என்று எனக்குப் படமெடுத்து அனுப்ப வேண்டாம். வாளியில் போட்டுவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய சக்கரத் தோழி