வங்கி விழுந்தால் வைப்பாளருக்குக் கிடைக்கும் ஒரு லட்சம் ராண்ட் காப்பீட்டு வரம்பை உயர்த்துங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் எங்கள் பகுதிக்காரர்கள் சேர்ந்து நடத்தும் ஈமச்சடங்கு உதவிச் சங்கத்துக்கு நான் பொருளாளர். மாதாமாதம் சந்தா வாங்கி, ரசீது எழுதி, வங்கியில் கட்டுவது என் வேலை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அன்றைக்கே பணம் எடுத்தாக வேண்டும். வங்கி கதவடைத்தால் பிணத்தை வைத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பது?

எங்கள் கடைசிப் பொதுக்கூட்டத்தில் இளைஞர் ஒருவர், வட்டி கொஞ்சம் கூடுதலாகத் தரும் சிறிய வங்கிக்கு மாறலாமே என்றார். பெரியவர்கள் ஒரே குரலில் மறுத்தார்கள். "வட்டி வேண்டாம் தம்பி, முதல் இருந்தால் போதும்" என்றார் ஓர் அம்மா. அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்தியர்களுக்காக டர்பனில் தொடங்கிய நியூ ரிபப்ளிக் வங்கி 1999-இல் விழுந்தது. 2002-இல் சாம்போ வங்கி. அதைப் பார்த்து மக்கள் பயந்து பணத்தை எடுத்ததில் பல சிறு வங்கிகள் காணாமல் போயின. இன்று நாட்டின் வங்கிச் சொத்தில் ஏறக்குறைய 90 சதவீதம் ஐந்து வங்கிகளிடம் இருக்கிறது. நம்மைப் போன்றவர்களின் பயமும் அதற்கு ஒரு காரணம். பயம் இருக்கும்வரை போட்டி வராது, போட்டி இல்லாதவரை வட்டியும் கட்டணமும் அவர்கள் சொன்னதுதான்.

வங்கியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்று சிலர் அறிவுரை சொல்கிறார்கள். எதைப் பார்ப்பது? 2018 மார்ச்சில் ரிசர்வ் வங்கி தன் கட்டுப்பாட்டில் எடுத்த வி.பி.எஸ். வங்கியின் கணக்குகளில் தணிக்கையாளர் கையெழுத்து இருந்தது. உள்ளேயோ கிட்டத்தட்ட 200 கோடி ராண்ட் சுருட்டப்பட்டிருந்தது. அதை விசாரித்த வழக்கறிஞர் டெரி மோட்டாவ் அந்த அக்டோபரில் வெளியிட்ட அறிக்கையில் அதெல்லாம் இருக்கிறது. வங்கியின் தலைவராக இருந்தவரே 2024-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 15 ஆண்டு சிறைக்குப் போனார். நகராட்சிகள் சட்டத்தை மீறி அங்கே போட்ட மக்கள் பணமும் போனது. தலைவரே திருடினால், அந்த வங்கி இருந்த வடபகுதி வென்டாவில் சந்தா சேர்த்துப் போட்ட பாட்டிக்கு என்ன தெரியும்?

அப்போது சாதாரண வாடிக்கையாளருக்கு ஒரு லட்சம் ராண்ட் வரை திருப்பித் தர அரசு உத்தரவாதம் கொடுத்தது. அப்புறம் 2024 ஏப்ரலில் வைப்புத்தொகைக் காப்பீட்டு நிறுவனம் வந்தது. ஒரு வங்கியில் ஓர் ஆளுக்கு ஒரு லட்சம் ராண்ட் வரை பாதுகாப்பு. வங்கிகளே கட்டணம் செலுத்தி அந்த நிதியைச் சேர்க்கின்றன. நல்ல ஏற்பாடு, மனமார வரவேற்கிறேன். ஆனால் 2018-இல் சொன்ன அதே ஒரு லட்சம்! இடைப்பட்ட ஆறு வருடத்தில் சவப்பெட்டி விலை எவ்வளவு ஏறியது என்று என் ரசீதுப் புத்தகத்தைக் கேளுங்கள்.

வைப்பாளர்களில் பெரும்பாலானவர்களுக்கு இது முழுப் பாதுகாப்பு என்கிறார்கள். தலையை எண்ணினால் சரிதான். ஆனால் முப்பது வருடம் ஆலையில் உழைத்து, ஓய்வுப் பணத்தை மொத்தமாக வாங்கி வங்கியில் போட்டவருக்கு அந்த முழுப் பாதுகாப்பு இல்லை. எங்கள் சங்கத்தின் இருப்பும் அந்த வரம்பைத் தாண்டியது.

இந்தியாவில் 1993 முதல் ஒரு லட்சம் ரூபாய் என்று வைத்ததை 2020 வரை தொடவேயில்லை. முந்தின வருடம் மும்பையில் ஒரு கூட்டுறவு வங்கி முடங்கி, வாடிக்கையாளர்கள் தெருவில் அழுத பிறகுதான் ஐந்து லட்சமானது. அமெரிக்காவில் வரம்பு இரண்டரை லட்சம் டாலர். ஆனால் 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது, வரம்புக்கு மேல் வைத்திருந்த கம்பெனிகளுக்கும் ஒரே வாரக்கடைசியில் முழுப்பணமும் உறுதியானது. பெரிய தொகைக்காரருக்கு வளைந்த விதி சாவுச் சங்கத்துக்கும் வளையுமா என்று பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆகவே நிதியமைச்சகத்தையும் ரிசர்வ் வங்கியையும் கேட்டுக்கொள்வது: விலைவாசியோடு சேர்த்து இந்த வரம்பை ஆண்டுதோறும் உயர்த்துங்கள். எங்களைப் போன்ற சங்கங்களுக்குத் தனியாக, இன்னும் உயர்ந்த வரம்பு வையுங்கள். வேறு ஊர்ச் சங்கங்களின் பொருளாளர்களும் இதே கோரிக்கையை எழுதி அனுப்ப வேண்டும்.

இப்படிக்கு,
சங்கப் பொருளாளர்,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா