அண்ணா, எனக்கும் விளங்கேல்லை

அண்ணாவுக்கு,

அப்பாவின் ஆண்டுப் பூசை நேற்று முடிந்தது. யார் வந்தது, யார் வராதது எல்லாம் அக்கா போனில் சொல்லியிருப்பா, அதை விடுங்கள். ஞாயிறு பைபிள் வகுப்பு எடுப்பதை நான் நிறுத்திவிட்டேன். உங்களிடம் மட்டும் சொல்ல நினைத்ததை ஊரே வாசிக்கிற இடத்தில் எழுதுகிறேன், என் மெசேஜை நீங்கள் திறப்பதில்லையே.

கடைசியாக எடுத்தது மத்தேயு 13, மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஞாயிறு பூசையில் வருமே, அந்தப் பகுதி. வலை உவமையை வாசித்துவிட்டு "விளங்கினதா?" என்றேன். பிள்ளைகள் எல்லாம் "ஓம்". ஒருத்தன் மட்டும் "எனக்கு விளங்கேல்லை சேர்" என்றான்.

எனக்கு உடனே திருகோணமலை உப்புவெளிக் கரைதான் நினைவுக்கு வந்தது. கச்சான் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. எங்களுக்குப் படிப்பித்தவர் கரைவலை இழுக்கும் இடத்துக்கே எல்லாரையும் கூட்டிப்போயிருந்தார், கயிறு பிடித்தவர்களில் அப்பாவும் ஒருவர். வலையின் மடி கரையேறியதும் சேர், நல்லது கூடைக்குள், கெட்டது வெளியே, உலக முடிவிலும் இப்படித்தான் என்றார். நச்சு மீனான பேத்தையைக் காட்டி நீங்கள் கேட்டீர்கள், "பேத்தை என்ன பிழை செய்தது சேர்? அதையும் இந்த வலைதானே இழுத்தது?" யாரோ சிரித்தார்கள். அவர் முகம் மாறியது. நான் முந்திக்கொண்டு, "அண்ணாவுக்கு விளங்கிட்டுது சேர், சும்மா கேட்கிறார்" என்றேன். நீங்கள் என்னைப் பார்த்த பார்வை!

அப்பாவுக்கு நாலு பேர் முன்னால் வெட்கமாகிவிடும் என்றுதான் சொன்னேன், எனக்கு 13 வயது. மன்னியுங்கள். ஆனால் அந்த ஒரு சொல்லுக்காகக் கோயில் வாசலையே மிதிக்காமல் இருந்தது கொஞ்சம் அதிகம்தான்.

எல்லாம் விளங்கியதா என்று இயேசு கேட்க, சீடர்களும் ஆம் என்றுதான் சொன்னார்கள், அதே அதிகாரம், 51ஆம் வசனம். அப்புறம் 15ஆம் அதிகாரத்தில் பேதுரு இன்னொரு உவமைக்கு விளக்கம் கேட்டு நிற்கிறார், உங்களுக்குமா இன்னும் விளங்கவில்லை என்று பேச்சும் வாங்குகிறார். களைகள் உவமையைக்கூடக் கூட்டத்தை அனுப்பிவிட்டு வீட்டுக்குள் வந்தபிறகுதான் கேட்டார்கள். அவர்களுக்கும் வெட்கமோ என்னவோ. நீங்கள் எல்லார் முன்னாலும் கேட்டீர்கள், அதில் எனக்கு இன்றைக்கும் பெருமை. ஆனால் அவர்கள் விளங்காமலே கூட நடந்தார்கள் அண்ணா, நீங்கள் எழும்பிப் போனீர்கள். அப்பாவின் மருந்து, அந்தக் கடைசி மூன்று மாதம்... சரி, இங்கே வேண்டாம்.

அந்தப் பையனுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வீட்டில போய்த் திரும்ப வாசி." அடுத்த ஞாயிறு அவன் வரவில்லை.

அந்தக் கரைவலை நாளில், பொழுதுபட அப்பா உங்களை மட்டும் மீன்வாடிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். கறி மீன் பையோடு நான் தூரத்தில் நின்று பார்த்தேன், வெகுநேரம் பேசினீர்கள். அவர் என்ன சொன்னார் அண்ணா?