கான்கிரீட் வார்க்கும் துணி அச்சுக்கும் கணக்கு வேண்டும்: பர்கூர், செட்டிக்கரை அரசு பொறியியல் கல்லூரிகளின் சிவில் ஆசிரியர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு வணக்கம்.

டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு, காவேரிப்பட்டணம் பக்கம் சென்ட்ரிங் வேலை எடுத்துச் செய்கிறேன். போன மாசியில் ஒரு வீட்டு முகப்புக்கு வட்டத் தூண் கேட்டார்கள். ஒரு அடி விட்டம், ஒன்பது அடி உயரம். தகரம் வளைக்கிற செலவு மிச்சமாகட்டும் என்று உரச்சாக்குத் துணியைக் குழாயாகத் தைத்து நிறுத்தி ஊற்றினோம். முக்கால்வாசி ஏறியதும் அடித்தையல் சர்ரென்று பிரிந்து, ஜல்லியும் சிமெண்ட் பாலும் சித்தாள் காலடியில் கொட்டின. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

அன்று ராத்திரிதான் கணக்குப் போட்டேன். ஈரக் கான்கிரீட் கன மீட்டருக்குச் சுமார் 2,400 கிலோ. ஒன்பது அடியும் ஒரே மூச்சில் ஊற்றினால் அடியில் சதுர மீட்டருக்கு ஆறரை டன் அழுத்தம். அதை ஆரத்தால் பெருக்கினால், தையலில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் 10 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும். மறுமுறை இரட்டைத் தையல் போட்டு, கீழ்ப்பாதி இறுகிய பிறகே மேலே ஊற்றினோம். துணியை உரித்தபோது பலகையில் வரும் பொடி ஓட்டைகளே இல்லை. உபரி நீரும் காற்றும் நெசவு வழியே கசிந்துவிட்டன. சாக்கின் வரி மட்டும் தூணில் பதிந்திருந்தது. வீட்டுக்காரம்மா தடவிப் பார்த்துவிட்டு, பூச வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

வட்டத் தூணுக்கு இந்த ஒரு வரிக் கணக்கு போதும். பீமுக்கும் கூரைக்கும் போதாது. தூளியில் குழந்தையைப் போட்டதும் துணி தொய்ந்து, தன் வடிவத்தைத் தானே தேடிக்கொள்கிறதே, அது போலத்தான். கான்கிரீட் விழ விழ துணி தொய்யும். தொய்ந்த இடத்தில் பாரம் இன்னும் கூடும். துணியைக் கணினியில் வலையாகப் பிரித்து, முடிச்சுக்கு முடிச்சு விசை சமனாகும்வரை திரும்பத் திரும்பப் போட வேண்டிய கணக்கு இது. ஷெக் என்ற ஆய்வாளர் 1974இல் வெளியிட்ட விசை அடர்த்தி (ஒவ்வொரு இழையின் விசையை அதன் நீளத்தால் வகுத்தது) முறையில் ஒவ்வொரு சுற்றும் நேரியல் சமன்பாடாகிவிடும். லேப்டாப் போதும். இப்படிக் கணக்கிட்டு, சூரிச்சில் பின்னிய துணியைப் பெட்டியில் எடுத்துப்போய் 2018இல் மெக்சிகோ நகரில் ஒரு வளைகூரை வார்த்தார்கள். 55 கிலோ அச்சு, ஐந்து டன்னுக்கு மேல் கான்கிரீட்டைத் தாங்கியது.

இதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். இறுதியாண்டில் ஒரு குழுவாவது ஒரு பீமைக் கணக்கிட்டு, துணியில் வார்த்து, 28 நாள் கழித்து லேபில் பாரம் ஏற்றி உடைத்துப் பார்க்கட்டும். எங்கே உடைகிறது, கணக்கு எங்கே தவறியது என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும். துணி, தையல், ஆள் எல்லாம் என் பொறுப்பு. தேதி மட்டும் சொல்லுங்கள்.