மறுவிண்ணப்பத்துக்குக் கிடைப்பது 12 மாதங்கள் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விரும்பிய வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமல், ஓராண்டு பொறுத்து மறுபடி விண்ணப்பிக்க நினைக்கும் மாணவர்கள் முதலில் கோட்டைவிடுவது நாள்கணக்கில்தான்.

அமெரிக்கப் பல்கலைக்கழக முடிவுகள் பெரும்பாலும் மார்ச் கடைசியில் வருகின்றன. பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் இணையதளம் அடுத்த சுற்றுக்கு ஆகஸ்ட் 1 அன்று திறக்கிறது. முன்கூட்டிய விண்ணப்பத்துக்குப் பல இடங்களில் நவம்பர் 1 கெடு. மற்றதற்கு ஜனவரித் தொடக்கம். பிரிட்டனில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், மருத்துவப் படிப்புகளுக்கு, அந்நாட்டின் பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் வைக்கும் கெடு அக்டோபர் 15. ஏப்ரலிலேயே இறங்கினாலும் ஆறேழு மாதங்கள்தான். டிசம்பரில் சேரும் வேலை அக்டோபர் விண்ணப்பத்தில் ஏறாது. 'செய்யவிருக்கிறேன்' என்பதற்கு அங்கே மதிப்பு மிகக் குறைவு.

பழைய விண்ணப்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எது மாறியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். காமன் ஆப்பில் செயல்பாடுகளுக்கு 10 இடங்கள். ஒவ்வொன்றையும் விவரிக்க 150 எழுத்துகள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம், ஆண்டுக்கு எத்தனை வாரம் என்றும் கேட்கிறார்கள். இரண்டு நாள் பயிற்சிச் சான்றிதழ்களைக் குவிப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்தக் கட்டத்தில்தான். ஒரே வேலையை வாரம் 20 மணி நேரம் வீதம் ஐந்து மாதம் செய்தவருக்கு எழுத விஷயம் இருக்கும். சம்பளத்துக்குப் பார்த்த கடை வேலையும் இதில் சேரும். அதை மறைக்கத் தேவையில்லை.

காமன் ஆப் கேட்கும் 650 சொல் கட்டுரையைப் புதிதாகவே எழுத வேண்டும். அந்தத் தளத்தில் உள்ள பழைய கணக்கில் பழைய கட்டுரை அப்படியே இருக்கும். இரண்டு வரி மாற்றி அனுப்பிவிடலாம் என்று கை துறுதுறுக்கும். நிராகரிக்கப்பட்டதையே கட்டுரைப் பொருளாக்குவதும் வேண்டாம். பிரிட்டனுக்கோ, 2026 சேர்க்கையிலிருந்து மாணவர் தன்னைப் பற்றி எழுதும் ஒரே நீண்ட கூற்றுக்குப் பதில் மூன்று கேள்விகள், மொத்தம் 4,000 எழுத்துகள்.

பரிந்துரைக் கடிதம் தானாக வந்துவிடாது. ஆசிரியரிடம் புதிதாகக் கேட்க வேண்டும், அதுவும் பள்ளி விடுமுறைக்கு முன்பே. பள்ளியின் அறிக்கையும் இறுதி மதிப்பெண் பட்டியலும் மறுபடி போக வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ்., டோஃபெல் ஆகிய ஆங்கிலத் தேர்வுகளின் மதிப்பெண்களுக்கு ஆயுள் இரண்டு ஆண்டுகள். பிரிட்டனில் மருத்துவத்துக்கான யூகேட், சட்டத்துக்கான எல்நாட் ஆகிய நுழைவுத் தேர்வுகளின் மதிப்பெண்கள் அந்தச் சுற்றோடு சரி. திரும்ப எழுதியாக வேண்டும்.

பெரிய சிக்கல் இரண்டு. 'சும்மா இருப்பானேன்' என்று உள்ளூர்க் கல்லூரியில் பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டால், பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் அவரை இடமாற்ற விண்ணப்பதாரராகவே, அதாவது ஒரு கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுபவராகவே கருதும். போட்டியும் விதியும் அங்கே வேறு. உதவித்தொகையும் சில இடங்களில் குறையும். அடுத்தது, கிடைத்த ஓர் இடத்தை ஓராண்டு தள்ளிவைத்துவிட்டு வேறிடங்களுக்கு விண்ணப்பிப்பது. தள்ளிவைக்க அனுமதிக்கும்போதே, வேறெங்கும் விண்ணப்பிக்கக் கூடாது என்று எழுதி வாங்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. மீறியது தெரிந்தால் இருக்கும் இடமும் போகும்.

எங்கள் பார்வையில் இந்த ஓராண்டு நன்றாகக் கைகொடுப்பது, பள்ளி முன்கூட்டிக் கணித்துத் தந்த மதிப்பெண்ணைவிட இறுதித் தேர்வில் கூடுதலாக எடுத்தவர்களுக்கு. யூகாஸில் அவர்கள் இப்போது கையில் உள்ள மதிப்பெண்ணோடு விண்ணப்பிக்கலாம். நூறு பேரில் ஐந்து பேரைக்கூட எடுக்காத ஹார்வர்டு போன்ற இடங்களில் நிலைமை வேறு. குறையே இல்லாத விண்ணப்பமும் அங்கே திரும்பிவரும். எதைத் திருத்துவது என்றே தெரியாது. ஆகவே மறுமுறை பட்டியலில் பாதியாவது சென்ற ஆண்டு விண்ணப்பிக்காத பல்கலைக்கழகங்களாக இருக்கட்டும். அவற்றில் குறைந்தது இரண்டு, கிடைத்தால் மனமொப்பிச் சேரக்கூடியவையாகவும், செலவு கட்டுப்படியாகக்கூடியவையாகவும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உயர்கல்வி விண்ணப்ப ஆலோசகர்கள் சிலர்