பெருந்துறைக் குடோனுக்கு ஒரு கடிதம்

திருப்பூர்

அன்புள்ள பழனிசாமி,

உன் கடிதம் வந்தது. மருமகனின் சாயப்பட்டறையில் கெமிக்கல் ஸ்டோரை இனி நீதான் பார்த்துக்கொள்ளப் போகிறாய் என்று படித்ததும் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் பதைப்பாகவும் இருந்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவளுக்குக் கோவையில் வேலை கிடைத்துவிட்டது. மற்றதை நேரில் பேசலாம், ஸ்டோர் விஷயத்தை மட்டும் இப்போதே எழுதிவிடுகிறேன்.

மழை பெய்தால் குடோனின் ஒரு மூலை ஒழுகும் என்று எழுதியிருக்கிறாய். முதல் வேலையாக அதை அடைத்துவிடு. அதுவரை ஹைட்ரோஸ் டிரம், அதாவது சாய வேலைக்கு நாம் போடும் சோடியம் ஹைட்ரோசல்பைட் தூள் டிரம், ஒன்றுகூட அங்கே இருக்க வேண்டாம். ஹைட்ரோஸுக்கு ஈரம்தான் எமன். கொஞ்சம் தண்ணீர் பட்டாலே தானாகச் சூடேறும், கந்தக டை ஆக்சைடு கிளம்பும், தீயும் பிடிக்கும். மணலைக் கொட்டி மூடினால் அணைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அது எரிவதற்கு வெளிக்காற்றே தேவையில்லை என்பதால் மூடி அணைக்க முடியாது. ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும், வெள்ளமாகப் பாய்ச்சினால்தான் அடங்கும். புகை தெரிந்தால் ஆட்களை வெளியேற்றிவிட்டுத் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல். டிரம்மைப் பலகை மேல் வை. தேவையானதை அளந்து எடுத்ததும் உள்பையைக் கட்டி மூடியைப் போட வேண்டும். ஈரக் கையோடு யாரும் தொடக் கூடாது.

துணி வெளுக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு கேனை ஹைட்ரோஸ் இருக்கும் அறையிலேயே வைக்காதே. ஒன்று ஆக்சிஜனைக் கொடுப்பது, மற்றொன்று அதைப் பறிப்பது. இரண்டும் கொட்டிக் கலந்தால் என்ன ஆகும் என்று உனக்கே புரியும். துணியை வெளுக்கும் பிளீச்சிங் பாத்தில் பெராக்சைடையும் காஸ்டிக் சோடாவையும் சேர்த்துத்தானே போடுகிறோம் என்று பையன்கள் கேட்பார்கள். அங்கே நிறையத் தண்ணீர் இருக்கிறது, பெராக்சைடு வேகமாகப் பிரியாமல் தடுக்கும் ஸ்டெபிலைசரும் போடுகிறோம். குடோனில் இருப்பதோ 50 சதவீதப் பெராக்சைடு. அதில் காஸ்டிக்கோ இரும்புத் துருவோ விழுந்தால் பிரிந்து, சூடேறி, வாயு பெருகும். கேன் மூடியில் காற்றுப் போகும் வழி வைத்திருப்பது அதற்காகத்தான். சொட்டுகிறது என்று யாராவது டேப் ஒட்டி அடைத்தால் உடனே பிரித்துவிடு. வெளியே எடுத்தது மிஞ்சினால் திரும்பக் கேனுக்குள் ஊற்றவே கூடாது.

அசிட்டிக் ஆசிட்டை யாரும் தீப்பிடிக்கும் சரக்காக நினைப்பதில்லை. தண்ணீர் கலக்காத அசிட்டிக் 39 டிகிரி வாக்கில் தீப்பற்றும் ஆவியை விடத் தொடங்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அந்தச் சூடு தாராளமாக வரும். ஆகவே அதற்குத் தனி அறை, நல்ல காற்றோட்டம், பக்கத்தில் வெல்டிங் கூடாது.

தண்ணீர் பாட்டிலில் கெமிக்கல் ஊற்றிக் கொண்டுபோகும் பழக்கம் அங்கே இருந்தால் அதை முதல் நாளே நிறுத்து. இதில் மட்டும் யாருக்கும் முகதாட்சண்யம் பார்க்காதே. தாகத்தில் ஒருவன் எடுத்துக் குடித்துவிட்டால் அப்புறம் என்ன செய்ய முடியும்? காஸ்டிக் கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், ஆஸ்பத்திரிப் பயணம் அதற்குப் பிறகுதான். ஸ்டோர் வாசலிலேயே ஒரு குழாய் போட்டுவிடு.

சரக்கு வரும்போதும் நீ நிற்க வேண்டும். குட்டியானையில் ஹைட்ரோஸுக்கு மேல் பெராக்சைடை அடுக்கிக் கயிறு கட்டி வந்தால் இறக்காமல் திருப்பி அனுப்பு. டேங்கர் வந்தால் பலகையில் உள்ள ஐ.நா. எண்ணை, அதாவது உள்ளே என்ன கெமிக்கல் என்று காட்டும் நான்கு இலக்க எண்ணை, பார்த்த பிறகு குழாயை மாட்டச் சொல். காஸ்டிக் கரைசலுக்கு 1824, ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டுக்கு 1789. ஹைப்போ (சோடியம் ஹைப்போகுளோரைட்) தொட்டிக்குள் தவறி ஆசிட் இறங்கினால் குளோரின் கிளம்பிவிடும்.

தீபாவளி, பொங்கல் லீவில் பட்டறையைப் பூட்டிவிட்டு எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். 2020 மே 7 அன்று விசாகப்பட்டினத்தில் என்ன நடந்தது? ஊரடங்கில் மூடிக் கிடந்த ஆலையின் தொட்டியில் ஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் மூலப்பொருள் தானாகவே வினை புரிந்து சூடேறி, அதிகாலையில் ஆவியாகப் பரவித் தூங்கிக்கொண்டிருந்தவர்களைக் கொன்றது. நம்மிடம் ஸ்டைரீன் இல்லைதான். ஆனாலும் லீவு நாளில் தினம் ஒருமுறை யாராவது குடோனைத் திறந்து, டிரம்களைத் தொடாமல் சூடு, வாசனை, கசிவு பார்க்க வேண்டும் என்று மருமகனிடம் இப்போதே சொல்லிவை.

சப்ளையரிடம் ஒவ்வொரு சரக்குக்கும் பாதுகாப்புத் தாளைத் தமிழில் கேட்டு வாங்கு. வடநாட்டுப் பையன்கள் இருந்தால் இந்தியிலும் கேள். குடோனின் நீள அகலத்தையும், கதவு ஜன்னல் எங்கே என்பதையும் வரைந்து அனுப்பு. எதை எங்கே வைப்பது என்று குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
தங்கவேல்