வரும்போது எந்தக் கமரா, மகள்?

மட்டக்களப்பு

அன்பு மகளுக்கு,

ஆடி அமாவாசைக்கு முன்னம் கனடாவிலிருந்து பிள்ளைகளோடு வந்து இறங்குவாய் என்று அம்மா சொன்னா. வீடியோ எடுக்க சோனி இசட்வி-1ஆ, டிஜேஐ ஒஸ்மோ பாக்கெட் 3ஆ என்று நீ அனுப்பிய ரெண்டு கமராப் படங்களையும் பார்த்தேன். எது நல்லது என்று கேட்டால் ரெண்டும் நல்லதுதான். மாமாங்கக் கோயில் கேணியடிக்கும், கூத்து ஆடும் களரிக்கும், அம்மம்மாவின் விறாந்தைக்கும் எது ஒத்துவரும் என்பதைத்தான் யோசிக்க வேணும்.

முதலில் சென்ஸரை, அதாவது லென்ஸுக்குப் பின்னால் வெளிச்சம் விழும் தகட்டைப் பார். நீ எடுக்கப்போவதில் பாதி பொழுது சாய்ந்த பிறகு நடக்கிறது. மலிவான கையடக்கக் கமராக்களில் இருக்கும் 1/2.3 அங்குல சென்ஸரின் பரப்பு 28 சதுர மில்லிமீற்றர் வரும். ஒரு அங்குல சென்ஸர் என்று விற்பது 13.2க்கு 8.8 மில்லிமீற்றர், அதாவது 116. வெளிச்சம் விழும் இடம் நாலு மடங்கு. கடைக்காரன் காட்டும் ‘50 மடங்கு ஸூம்’ எல்லாம் இருட்டில் மணல் தூவின மாதிரிப் படம்தான் தரும். நீ அனுப்பிய ரெண்டிலும் ஒரு அங்குல சென்ஸர் இருக்கிறபடியால் அந்தக் கவலை இல்லை.

சோனி இசட்வி-1: 294 கிராம், 24 முதல் 70 மில்லிமீற்றர் வரை ஸூம் (எண் கூடக்கூடத் தூரத்தில் உள்ளதைக் கிட்ட இழுக்கும்), 3.5 மில்லிமீற்றர் மைக் துளை, வெயிலுக்கு உள்ளேயே வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி வடிகட்டி. குறை என்னவென்றால் பற்றரி முக்கால் மணித்தியாலம் தாங்கினால் பெரிசு, சார்ஜ் துளை பழைய மைக்ரோ யூஎஸ்பி, நடந்துகொண்டு எடுத்தால் படம் ஆடும். நம் வெயிலில் 4கே எடுத்தால் சூடேறி, சில நிமிடங்களில் தானாக நின்றுவிடும். வாங்கினால் அமைப்புக்குள் போய், சூட்டில் தானாக அணையும் அளவை ‘உயர்’ என்று மாற்றி வைக்க வேணும்.

டிஜேஐ ஒஸ்மோ பாக்கெட் 3: 2023இல் வந்தது, 179 கிராம், தலையில் மூன்று அச்சு கிம்பல் (ஆடாமல் பிடிக்கும் மோட்டார்த் தாங்கி), 20 மில்லிமீற்றர் அகல லென்ஸ். 1080 தர வீடியோவில் பற்றரி 166 நிமிடம் என்று கம்பனிக் கணக்கு. 4கேயில் அதைவிடக் குறையும். பற்றரியைக் கழற்ற ஏலாது. ஆனால் 65 வாட் சார்ஜரில் 16 நிமிடத்தில் 80 சதவீதம் ஏறும், பவர்பேங்க் கொழுவியபடியும் எடுக்கலாம். தண்ணீர் ஆகாது, மணல் அதைவிட ஆகாது. கல்லடிக் கடற்கரையில் கிம்பல் மோட்டாருக்குள் மணல் போனால் தலை நடுங்கத் தொடங்கும். கிம்பல் சரிவையும் திருப்பத்தையும்தான் பிடிக்கும், நடையில் வரும் மேல்-கீழ்த் துள்ளலைப் பிடிக்காது. முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, குதியை ஊன்றாமல் நட.

பாசிக்குடாவில் பிள்ளைகளோடு தண்ணிக்குள் எடுக்க ஆசை என்றால் ரெண்டுமே உதவாது. அதற்கு 10 மீற்றர் வரை நனையலாம் என்ற கோப்ரோ மாதிரி ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கு. ஒரு நாளுக்காக இன்னொரு கமரா தேவையில்லை.

என் தெரிவு பாக்கெட் 3. படத்தின் அழகைப் பார்த்துச் சொல்லவில்லை. அதில் லென்ஸ் ஸூம் இல்லாததால்தான் சொல்கிறேன். 70 மில்லிமீற்றர் இருந்தால் எதிர்ப்பக்கத்தில் நின்று, கேணியில் தலை முழுகும் ஒரு பெண்ணை அவவுக்குத் தெரியாமலே எடுத்துவிடலாம். 20 மில்லிமீற்றரில் முகம் தெரிய வேணுமென்றால் ரெண்டு கையையும் விரித்த நீளம், ஒரு பாகம், ஒன்றரைப் பாகம் தூரத்துக்குப் போக வேணும். அவ்வளவு கிட்டப் போனால் கேளாமல் எடுக்க ஏலாது.

ஆனால் இந்தச் சாமானில் ஒரு கள்ளத்தனமும் இருக்கு. பெரிய கமரா என்றால் தூக்கும்போதே சனத்துக்குத் தெரியும். இது ரோச் லைற் மாதிரிக் கையில் கிடக்கும், ஓடுகிறதா இல்லையா என்று ஒருவருக்கும் சட்டென்று தெரியாது. முகத்தைப் பிடித்துத் தொடரும் வசதியைப் போட்டால் தலை தானாகத் திரும்பி ஆளைப் பார்க்கும். வயசானவர்களுக்கு அது பிடிக்காது. தொடர்வதை உன் பிள்ளைகளுக்கு மட்டும் போடு. எடுக்கும்போது நெஞ்சு உயரத்தில் வெளிப்படையாகப் பிடி. எடுக்காத நேரம் திரையை நெடுக்காகத் திருப்பினால் அணைந்துவிடும், அப்படியே பையில் வை.

கேட்கும்போது கமரா நிலத்தைப் பார்த்திருக்க வேணும். “ஒரு வீடியோ எடுக்கட்டா?” என்று கேட்டுவிட்டுப் பதிலைக் காதால் மட்டும் கேட்காதே. நம் ஊரில் ஒருவரும் முகத்துக்கு நேரே ‘வேணாம்’ என்று சொல்ல மாட்டார்கள். “ஐயோ, இதெல்லாம் எதுக்கு புள்ள” என்று சிரித்தபடி முந்தானையை இழுத்துவிட்டால் அது வேணாம். “பின்ன பார்ப்பம்” என்பதும் வேணாம்தான். “நில்லு, தலைய வாரிட்டு வாறன்” என்றால் அது ஓம். முஸ்லிம் ஊரான காத்தான்குடிப் பக்கம் போனால் பெண்களிடம் கேட்பதைக்கூட விட்டுவிடு. கடையை எடுக்க வேணுமென்றால் கடைக்காரரிடம் கேள். நெசவு ஊரான மருதமுனையில் தறிச்சத்தம் எடுக்க அருமையாக இருக்கும், நெசவாளியிடம் கேட்டுக் கையையும் நாடாவையும் எடு. ஆமி முகாம், சோதனைச் சாவடி வந்தால் பஸ் கிட்டப் போகமுன்னமே பைக்குள் போட்டுவிடு.

மாமாங்கத்தில் சுவாமி தீர்த்தமாட வருவதை வெளிவீதியில் நின்று எடு. அதற்குப் பிறகு கேணிக்குள் சனம் இறங்கும். செத்துப்போன தாய் தகப்பனுக்குக் கடன் கழிக்க வந்தவர்கள், நனைந்த உடுப்போடு நிற்பார்கள். அந்த நேரம் கமரா பைக்குள் இருக்கட்டும். கோயிலுக்குள்ளே என்றால் கோயிலைப் பராமரிக்கும் வண்ணக்கரைக் கேட்காமல் கமராவைப் பையிலிருந்து எடுக்காதே. மண்டூர் முருகன் கோயிலுக்குப் போனால் கேட்கவும் வேணாம். அங்கே வாய்கட்டிப் பூசை, மந்திரச் சத்தம்கூட இல்லை, திரை மூடியே இருக்கும். அந்த அமைதிக்குள் கமரா ‘பீப்’ என்றால் வாசல்வரை கேட்கும். வாங்கின அன்றே பீப் ஒலியை நிற்பாட்டு. பதிவாகும்போது எரியும் சின்ன லைற்றையும் களரியில் அணைத்து வை.

கூத்துப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேணும், அங்கேதான் முக்கால்வாசிப் பேர் பிழை விடுகிறது. வட்டக் களரி, நாலு பக்கமும் சனம். நீ எங்கே நின்றாலும் உனக்குப் பின்னால் ஒருவர் இருக்கிறார். இருட்டில் உன் திரைதான் அவருக்குத் தெரியும். பிரகாசத்தை ஆகக் குறைந்த அளவுக்கு இறக்கு, நிலத்தில் பாயில் இரு, கமராவைத் தோளுக்கு மேலே தூக்காதே. ஆட்டக்காரர் களரிக்கு வரும்போது அடிக்கும் வரவுத் தாளத்தை ஒரு தரம் முழுசாக எடு. மிச்சத்தைப் பத்துப் பன்னிரண்டு செக்கன் துண்டுகளாக எடுத்தால் போதும். விடியவிடிய எடுத்தது திரும்பப் பார்க்கப்படாது. மத்தளச் சத்தம் பதிவில் உடையும், உடைந்த சத்தத்தை வீட்டில் வந்து திருத்த ஏலாது. மைக் அளவைத் தானியங்கியில் விடாமல், ஓங்கின அடிக்கு −12 டெசிபெல்லைத் தாண்டாதபடி கையால் குறைத்து வை.

இனி ஒரு முக்கியமான விஷயம். கனடாக் கமரா செக்கனுக்கு 30, 60 படம் என்ற கணக்கில் வரும், அங்கே மின்சாரம் 60 ஹேர்ட்ஸ். இங்கே 50. அப்படியே கொண்டுவந்து எடுத்தால் களரி லைற்றில், கோயில் ரியூப்லைற்றில் கறுத்த பட்டைகள் மேலும் கீழும் ஓடும். பிளேனில் ஏறமுன்னமே செக்கனுக்கு 25 படத்துக்கு மாற்றி, இரவில் ஷட்டரை 1/50 செக்கனில் பூட்டு. சோனி வாங்கினால் அங்கத்தைய என்ரிஎஸ்சி (NTSC) வீடியோ முறையிலிருந்து இங்கத்தைய பால் (PAL) முறைக்கு மாற்றியதும் கார்ட்டை அழித்துப் புதிதாக ஃபோர்மட் செய்யச் சொல்லும், படம் இருக்கும் கார்ட்டோடு அதைச் செய்துவிடாதே. மணிக்கூட்டையும் மாற்று. ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். விடிய அஞ்சு மணிக்கு எடுத்தது ரொறன்ரோ நேரத்தில் முதல் நாள் பின்னேரம் ஏழரை என்று பதிந்தால், அமாவாசைத் தீர்த்தம் முந்தின நாள் கோப்புக்குள் போய்க் கிடக்கும்.

செக்கனுக்கு 100 மெகாபிட்டில் 4கே எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. 256 ஜிபி கார்ட் ஒன்று வாங்காமல் 128 ஜிபி கார்ட் ரெண்டு வாங்கு, எழுதும் வேகத்துக்கு வி30 என்று போட்டிருக்க வேணும். கார்ட்டை அங்கேயே முழுசாக நிரப்பி, திரும்பப் பார்த்துச் சோதித்துக்கொண்டு வா. போலிக் கார்ட் பாதிவரை ஒழுங்காக எழுதும், அதற்குப் பிறகு எடுத்ததெல்லாம் பெயர் மட்டும் இருக்கும், உள்ளே ஒன்றும் இராது. ரெண்டு இடத்தில் பிரதி இருக்கும்வரை கார்ட்டில் ஒன்றையும் அழிக்காதே. பவர்பேங்க், உதிரிப் பற்றரி எல்லாம் கைப்பையில்தான் வர வேணும், பெட்டிக்குள் போட விடமாட்டார்கள்.

அம்மம்மாவின் குரல்தான் எனக்குப் பெரிசு. கமராவின் மைக்கை நம்பாதே. தூரம் ரெண்டு மடங்கானால் சத்தத்தின் வலு நாலில் ஒன்றாகும், சுவரில் பட்டு வரும் எதிரொலி அப்படியே இருக்கும். பாக்கெட் 3க்கு டிஜேஐ மைக் 2 வயர் இல்லாமலே சேரும். நாடிக்குக் கீழே ஒரு சாண் தள்ளி, சேலைக் கரை உரசாத இடத்தில் குத்து. ஃபேனை நிற்பாட்டு. ஆவணி வெக்கையில் பத்து நிமிடத்துக்கு மேல் வயசான மனுசியை வைத்திருக்காதே. பத்து நிமிடம் பதி, ஃபேனைப் போடு, தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பத் தொடங்கு.

மட்டக்களப்பு வாவியின் பாடுமீனைப் பதிய வேணும் என்று மூத்தவன் கேட்டானாம். கல்லடிப் பாலத்தில் நின்று மைக்கை நீட்டினால் காற்றும் மோட்டார் சைக்கிளும்தான் பதியும். அந்தச் சத்தம் தண்ணிக்குள் இருக்கு. தண்ணிக்குள் இறக்கும் மைக் வேணும், இல்லையென்றால் நிலவு நாளில் தோணியில் போய்த் துடுப்பைத் தண்ணிக்குள் விட்டு மறுநுனியில் காதை வைக்க வேணும். அவனுக்கு ரெண்டாவதே போதும். காதை வைக்கும்போது அவன் முகத்தை நீ எடு.

ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தால் லென்ஸ் வேர்க்கும். ஸிப் பையில் மூடி அரை மணித்தியாலம் வெளியே வைத்துவிட்டுத் திற. உப்புக்காற்றில் எடுத்த நாளில் கொஞ்சம் ஈரமான துணியால் துடை, உலர்ந்த துணியால் துடைத்தால் உப்பு லென்ஸைக் கீறும்.

நீ வீடியோ எடுத்த ஆட்களில் பாதிப்பேர் “எங்களுக்கும் அனுப்பு” என்பார்கள். அந்த இடத்திலேயே நம்பரைக் கொப்பியில் எழுது. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டொக்கியூமென்ற் ஆக அனுப்பு. அயல் பிள்ளைகளின் முகம் தெரியும் துண்டுகளை முகநூலில் போடாதே, தாய் தகப்பன் ஓம் என்றாலும்.

வாங்கினதும் உன் வீட்டு ஹோலில் ஒரு லைற்றை மட்டும் போட்டு, பிள்ளைகள் சாப்பிடுவதை ரெண்டு நிமிடம் எடுத்து, சுருக்காமல் அனுப்பு. திருப்பிக் கொடுக்கும் தவணை முடியமுன்னம் அனுப்பினால் பார்த்துச் சொல்லுவேன்.

அப்பா