குப்பைப் பொறுப்பேற்ற முரளிக்கு

சென்னை – 20

அன்புள்ள முரளி,

உன் கடிதம் வந்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது நிம்மதி. வேளச்சேரிக் குடியிருப்பில் குப்பைப் பொறுப்பை நீ ஏற்றுக்கொண்டதில் அதைவிட மகிழ்ச்சி. ஜப்பான், தைவான், கொரியா பக்கம் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்டிருந்தாய்.

அங்கே மக்கள் ஒழுங்கானவர்கள், அதனால் நடக்கிறது என்று நம் ஊரில் சொல்வார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். குப்பை கைமாறும் இடத்தில் கண்டிப்பு இருக்கிறது, அதனால்தான் நடக்கிறது. தைவான் தலைநகர் தைபேயில் இசை ஒலித்தபடி வண்டி குறித்த நேரத்துக்கு வரும். அவரவர் பையை அவரவரே கொண்டுபோய்ப் போடவேண்டும். மறுசுழற்சிக்கு உதவாத மற்ற குப்பைக்கு மட்டும் கட்டணம் சேர்த்து விற்கும் நீலப் பை வேண்டும், மறுசுழற்சிப் பொருளுக்குக் காசில்லை. 2000இலிருந்து இப்படித்தான். பிரித்தால் பணம் மிச்சம் என்பது வீட்டுக்கு வீடு புரிந்துவிடுகிறது. ஜப்பானில் தவறாகப் பிரித்த பையில் காரணம் எழுதிய சீட்டை ஒட்டி அங்கேயே விட்டுப்போவார்கள்.

2003இல் 'குப்பையில்லா ஊர்' என்று அறிவித்துக்கொண்ட கமிகாட்சு என்ற ஜப்பானியச் சிற்றூரில் நாற்பதுக்கும் மேற்பட்ட வகையாகப் பிரிக்கிறார்கள். எல்லாரும் அந்த எண்ணைப் பார்த்து மலைக்கிறார்கள். அதற்கு அடியில் இருப்பதைக் கவனி: அடுப்படிக் கழிவு வீட்டிலேயே உரமாகிவிடுகிறது. ஈரம் போனபின் மிஞ்சுவது நாறாது, ஒட்டாது. எத்தனை வகையாகவும் பிரிக்கலாம். நம் பெருங்குடி, கொடுங்கையூர்க் குப்பைக்கிடங்குகளில் மலையாய்க் குவிந்ததில் சாம்பார் நனைத்த காகிதம் எவ்வளவோ! அதைப் பழைய பேப்பர் கடைக்காரர் தொடவேமாட்டார்.

ஆகவே முதலில் ஈரக்கழிவு. வீட்டுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ என்று வைத்துக்கொண்டு உரத்தொட்டியின் அளவைத் தீர்மானி. அடியிலும் பக்கங்களிலும் காற்றுத்துளை வேண்டும். ஒரு வாளி கழிவுக்கு ஒரு வாளி காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ போட்டு, மேலே கொஞ்சம் புளித்த மோர் தெளி. மூன்று நாளுக்கொருமுறை கிளறு. கையில் பிழிந்தால் ஓரிரு துளி கசியும் ஈரம் போதும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஈரம் மிஞ்சி, காற்று போகவில்லை. இலை சேர்த்துக் கிளறு. மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை என்றால் பச்சைக் கழிவு அதிகம். எலும்பு வேண்டாம். கொரியாவிலும் எலும்பையும் சிப்பி ஓட்டையும் உணவுக்கழிவில் சேர்ப்பதில்லை, அங்கே அந்தக் கழிவு கால்நடைத் தீவனமாகப் போவதால்.

பெட் (PET) என்ற பிளாஸ்டிக்கில் செய்த தண்ணீர் பாட்டிலில் மூடியையும் லேபிளையும் ஜப்பானியர் ஏன் கழற்றுகிறார்கள் தெரியுமா? பாட்டிலைத் துண்டாக்கி நீரில் போட்டால் பெட் மூழ்கும், மூடி மிதக்கும். அதைப் பிரிப்பது சுலபம். ஆனால் பிவிசி என்ற வேறு பிளாஸ்டிக்கில் செய்த லேபிள் என்றால் அதுவும் மூழ்கும். உருக்கும் சூட்டில் அது அமிலம் கக்கி, பெட் முழுவதையும் மஞ்சளாக்கிக் கெடுத்துவிடும். இதை உங்கள் வாட்ஸாப் குழுவில் எழுதிப் போடு. காரணம் தெரிந்தால் கை தானே செய்யும்.

பால் பாக்கெட்டின் முனையைத் தனியாக வெட்டி எறியாமல், ஒட்டியபடியே கீறச் சொல். அந்தத் துணுக்கை யாராலும் பொறுக்க முடியாது. அலசிக் காயவைத்துக் கட்டினால் கடையில் எடுப்பார்கள். சிப்ஸ் உறையை எடுக்கமாட்டார்கள், அது பல அடுக்கு ஒட்டியது. நாப்கின், டயப்பரை செய்தித்தாளில் சுற்றிச் சிவப்புக் குறியிட்டுத் தனியாகக் கொடுக்க வேண்டும். தூய்மைப் பணியாளர் கைபட்டுப் பிரிக்கும் நிலை வரவே கூடாது, முரளி. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதே.

கலந்த பையை வாங்கவேண்டாம் என்று பணியாளரிடம் சொல்லும்போது, வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தால் சங்கம் பேசும் என்றும் சேர்த்துச் சொல். அந்தத் துணை இல்லாமல் அவர் எப்படி மறுப்பார்?

தொட்டிக்கு மேல் ஐப்பசி மழைக்குள் கூரை போட்டுவிடு. முதல் மாதம் எத்தனை கிலோ சேர்ந்தது என்று எழுது.

அன்புடன்,
சேகர்